குற்றப்பிரிவுக்குப் போகும் புது எஸ்.ஐ.க்கு: வேலையும் உயிர்ப் பாதுகாப்பும்

கும்பகோணம் பக்கத்துத் தம்பி ஒருவரின் கேள்வி இது. எஸ்.ஐ. பயிற்சி முடித்துவிட்டார். திருச்சி மாநகரத்தில் குற்றப்பிரிவில் போடப்போகிறார்கள் என்று தெரிந்திருக்கிறது. “அங்கே வேலை எப்படி நடக்கும்? அக்யூஸ்டைப் பிடிக்கப் போகும்போது வெட்டு, குத்து வாங்காமல் இருப்பது எப்படி? அம்மா தினமும் அழுகிறார்” என்று கேட்கிறார்.

தம்பி, அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். 2021 நவம்பர் 21 அதிகாலையில் திருச்சி அருகே உள்ள நவல்பட்டு காவல் நிலையச் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், ஆடு திருடிக்கொண்டு பைக்கில் போனவர்களைத் தனியாக விரட்டிப் போனார். புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்குள் அவர்களை மடக்கியும்விட்டார். அதன் பிறகுதான் வெட்டப்பட்டு இறந்தார். ஆடு திருட்டு என்பது பெரிய வழக்கில்லை. பிடிபட்டவர்களில் இருவர் சிறுவர்கள். குற்றப்பிரிவுக்குப் போகிற ஒவ்வொருவரும் அந்தச் சம்பவத்திலிருந்து இரண்டு விஷயங்களை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். வழக்கின் அளவை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. ஆளை மடக்கியதிலிருந்து கூடுதல் ஆட்கள் வந்து சேரும் வரைக்கும் உள்ள அந்தச் சில நிமிடங்கள்தான் விரட்டலைவிடக் கொடியவை.

முதலில் வேலையின் அமைப்பு. மாநகரத்தில் சட்டம் ஒழுங்குக்கும் குற்றத்துக்கும் தனித்தனி ஆய்வாளர்கள் இருப்பார்கள். நீங்கள் குற்றப்பிரிவு ஆய்வாளரின் கீழ் வருவீர்கள். வீடு புகுந்து திருட்டு, செயின் பறிப்பு, பைக் திருட்டு, செல்போன் திருட்டு, இவைதான் அன்றாடம். பண மோசடி, நில மோசடி பெரிய தொகையாக இருந்தால் மாநகரக் குற்றப்பிரிவுக்குப் போகும். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை போன்ற மாவட்டங்களில் ஒரே ஆய்வாளர் இரண்டையும் பார்ப்பதுண்டு. பெரிய வழக்கு வந்தால் அதற்கென்றே சில போலீஸாரைச் சேர்த்துத் தனிப்படை போடுவார்கள். தனிப்படையில் பெயர் வந்தால் முதலில் எழுத்துப்பூர்வ உத்தரவைக் கேளுங்கள். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் பகுதியில், நகைத் திருட்டுப் புகாருக்காகத் தனிப்படை விசாரித்த கோயில் காவலாளி ஒருவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு அனுமதியில்லாமல் இயங்கிய தனிப்படைகளைக் கலைக்கச் சொல்லி உத்தரவே வந்தது. வாய்மொழியில் “போய்த் தூக்கிட்டு வா” என்று சொன்னவர் நாளைக்குச் சாட்சிக் கூண்டில் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்.

இனி ஒரு இரவுத் திருட்டை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீரங்கத்திலோ உறையூரிலோ, வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்க, பூட்டை உடைத்து நகை போயிருக்கிறது என்று காலை ஆறு மணிக்குத் தகவல் வருகிறது. கிளம்பும் முன்பே போனில் சொல்ல வேண்டியது: பீரோவைத் தொடாதீர்கள், சாமான்களை அடுக்காதீர்கள், வாசலைக் கழுவித் தெளித்துக் கோலம் போடாதீர்கள். நம் ஊரில் விடிந்ததும் முதலில் அழிவது வாசல் தடயம்தான்.

போனதும் நேராக உள்ளே நுழையாதீர்கள். வீட்டைச் சுற்றி ஒரு முறை வாருங்கள். டெல்டா வீடுகளுக்குக் கொல்லைப்புறம்தான் உயிர்நிலை. திருடன் பெரும்பாலும் கொல்லைக் கதவு, வென்டிலேட்டர், ஓட்டு வீடாக இருந்தால் பிரித்த ஓடு, இந்த மூன்றில் ஒன்றின் வழியாக வந்திருப்பான். பூட்டை நெம்பக் கடப்பாரையை வெளியிலிருந்து தூக்கிக்கொண்டு வருவதைவிட அந்த வீட்டுக் கொல்லையிலோ பக்கத்து வீட்டிலோ கிடப்பதை எடுப்பதுதான் அவனுக்குச் சுலபம். வேலை முடிந்ததும் அதைப் பக்கத்து வாய்க்காலில் போட்டிருப்பான். தேடுங்கள். கிடைத்தால் துடைக்காமல், நிழலில் தானாகக் காய விட்டு, காகித உறையில் வையுங்கள். ஈரம், வியர்வை, ரத்தம் பட்ட எதையும் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சை பிடித்துப் பாழாகிவிடும். நம் பகுதி ஈரக்காற்றில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

வரிசை மாறக்கூடாது: முதலில் போட்டோ, வீடியோ, அடுத்து விரல் ரேகைப் பிரிவு, அதன் பிறகே பொருட்களை நகர்த்தலாம். மோப்ப நாய் சில வழக்குகளில் இருநூறு முன்னூறு மீட்டர் ஓடி மெயின் ரோட்டிலோ மதகிலோ நின்றுவிடும். வந்தது வீண் என்று ஊரார் சொல்வார்கள். அப்படியில்லை. வண்டி காத்திருந்த இடமாக அது இருக்கலாம். அந்த இடத்திலிருந்துதான் கேமரா தேடலைத் தொடங்க வேண்டும்.

இரவில் வீடு புகுந்து திருடும் குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் (புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 331(4)இன் கீழ், திருட்டு நோக்கம் இருந்தால், 14 ஆண்டு வரை தண்டனைக்குரியது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) பிரிவு 176(3), ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் இடத்தைப் பார்வையிட வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 105, சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்தச் சட்டங்கள்தான். பழைய எண்களை மனப்பாடம் செய்த ரைட்டர் (நிலையத்தில் எழுத்து வேலை பார்ப்பவர்) சொல்வதை அப்படியே எழுதாமல் ஒரு முறை சரிபாருங்கள்.

எத்தனை பவுன் போனது என்பதில் அவசரப்படாதீர்கள். அதிர்ச்சியில் நாற்பது பவுன் என்பார்கள், மறுநாள் வங்கி லாக்கரில் பத்துப் பவுன் இருந்தது நினைவுக்கு வரும். ஒரு பவுன் எட்டு கிராம். ஒவ்வொரு நகையையும் பெயர், எடை, கல், முகப்பு, கொக்கி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கல்யாண ஆல்பத்தைக் கேளுங்கள். நகையைக் கழுத்தில் போட்டபடி இருக்கும் அந்தப் படம், பிறகு அடகுக் கடையில் எடுக்கும் நகையை அடையாளம் காட்ட உதவும் மிக நல்ல ஆவணம். 2019 அக்டோபரில் திருச்சியில் ஒரு நகைக்கடையின் சுவரைத் துளைத்துக் கொள்ளையடித்தார்களே, அந்த வழக்கு திரும்பிய இடம் திருவாரூர் வாகன சோதனை. பைக்கில் வந்தவரிடம் இருந்த நகைகளில் கடையின் பார்கோடு சீட்டு அப்படியே இருந்தது. நகையின் அடையாளம் எழுத்தில் இருந்தால் நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஏட்டு கையில் கிடைத்தாலும் வழக்கு உங்களிடம் வந்து சேரும்.

சிசிடிவியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். இன்றைய குற்றப்பிரிவு வேலையில் பாதிப் பொழுது அதற்குத்தான் போகிறது. வழக்குகள் அதிகம் கெட்டுப்போவதும் அங்கேதான். கடைக்காரரின் டிவிஆரில் (கேமரா பதிவுப் பெட்டி) மணி சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். மின்வெட்டுக்குப் பிறகு பத்து நிமிடம், சில நேரம் ஒரு முழு நாள்கூடத் தள்ளிக் காட்டும். திரையில் தெரியும் நேரத்தையும் உங்கள் செல்போன் நேரத்தையும் ஒரே படத்தில் வருமாறு போட்டோ எடுங்கள். வித்தியாசத்தை மகஜரில் (சாட்சிகள் முன் எழுதும் பதிவு) எழுதுங்கள். இல்லையென்றால் திருட்டு நடப்பதற்கு முன்பே திருடன் தப்பிப் போனதாக உங்கள் ஆவணமே சொல்லும், எதிர்த்தரப்பு வக்கீல் அதை விடமாட்டார். ஹார்டு டிஸ்க்கின் அளவைப் பொறுத்து ஒரு வாரத்திலோ ஒரு மாதத்திலோ பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். அதனால் முதல் நாளே வட்டம் போட்டுச் சுற்றுங்கள்: முதலில் தெரு, பிறகு தெருவிலிருந்து வெளியேறும் எல்லா வழிகளும், பிறகு பாலம், டோல்கேட், பெட்ரோல் பங்க். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள தீவு. வண்டியில் வெளியேற வேண்டுமென்றால் பாலங்கள் சில, மேற்கே முக்கொம்பு வழி, கிழக்கே கல்லணை வழி, அவ்வளவுதான். இந்த மாதிரி ஆறு போட்டுக்கொடுத்த எல்லைகள் டெல்டா முழுவதும் உண்டு. குடமுருட்டி, வெண்ணாறு, அரசலாறு எங்கெங்கே பாலம் என்று வரைபடத்தில் குறித்து வைத்துக்கொண்டால் பாதி நடை மிச்சம்.

பதிவை எடுக்கும்போது புதுப் பென் டிரைவில் எடுங்கள். பாரதிய சாக்‌ஷ்ய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63படி சான்றிதழ் வேண்டும். கருவியை வைத்திருப்பவர் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியும் நிரப்பி, கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) எழுத வேண்டும். கடைக்காரரின் கையெழுத்தை அன்றே வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து அவர் கடையை மாற்றிவிட்டு வேறு ஊருக்குப் போயிருப்பார்.

படத்தில் முகம் கிடைத்து, டவர் விவரமும் செல்போன் அழைப்புப் பட்டியலும் சேர்ந்து, ஒரு பெயர் வருகிறது. நீங்கள் கேட்ட பயம் உண்மையாகிற கட்டம் இது.

போவதற்கு முன் பகலில் ஒரு ஆள் சாதாரணமாக அந்தத் தெருவில் போய்ப் பார்த்து வர வேண்டும். வீட்டுக்கு எத்தனை வாசல், கொல்லையில் கிணறு இருக்கிறதா, வாய்க்காலா, வாழைத்தோப்பா, நாய் இருக்கிறதா, கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா, வீட்டில் குழந்தைகள், வயதானவர்கள் யார் யார். இதை ஒரு தாளில் படமாகப் போட்டு, போகிற எல்லோரும் பார்க்க வேண்டும். ஒரு ஆளைப் பிடிக்க ஐந்து பேருக்குக் குறையாமல் போங்கள். இருவர் கொல்லைப்புறம், இருவர் வாசல், ஒருவர் வண்டியில் வயர்லெஸ் மைக்கோடு. கொல்லையில் நிற்பவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்ன பிறகே வாசல் கதவைத் தட்ட வேண்டும். இந்த வரிசையை மாற்றியதால்தான் பல பேர் இருட்டில் வயலுக்குள் ஓடிக் காலை உடைத்துக்கொண்டார்கள்.

தட்டும்போது கதவுக்கு நேரே நிற்காதீர்கள். சுவரை ஒட்டி, பூட்டு இருக்கும் பக்கத்திலிருந்து விலகி நில்லுங்கள். திண்ணை மேல் ஏறி நின்றால் பின்னால் நகர இடமிருக்காது, தரையிலேயே நில்லுங்கள். டார்ச்சை மார்புக்கு நேரே பிடிக்காமல் கையை உடலிலிருந்து தள்ளி, உயர்த்திப் பிடியுங்கள். வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வீச்சு வரும். அரிவாளோடு இருப்பவன் ஏழு மீட்டர் தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான். உறையிலிருந்து துப்பாக்கியை எடுக்கும் நேரமும் கிட்டத்தட்ட அதுதான். அதனால் தூரமும் நடுவில் ஒரு தடையும்தான் முதல் பாதுகாப்பு. கார் கதவு, கட்டில், மாட்டு வண்டி, எதுவாக இருந்தாலும் நடுவில் வையுங்கள். கூப்பிட்டுப் பேசி, கையைக் காட்டச் சொல்லி, அவனை உங்களிடம் வரவழையுங்கள். நீங்கள் அவனிடம் போகாதீர்கள்.

கையில் துப்பாக்கி இருந்தால் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. 2017 டிசம்பரில் மதுரவாயல் ஆய்வாளர் பெரியபாண்டியன் நகைக்கடைக் கொள்ளையர்களைத் தேடி ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துக்குப் போன இடத்தில் குண்டு பாய்ந்து இறந்தார். அந்தக் குண்டு சக அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து தவறுதலாக வந்தது என்றே ராஜஸ்தான் போலீஸ் சொன்னது. எதிரெதிரே நின்று ஆளை மடக்கினால் நடுவில் உள்ளவன் விலகியதும் இரு பக்கமும் நம் ஆட்கள்தான். எல் எழுத்து மாதிரி இரண்டு பக்கத்தில் நில்லுங்கள். யாரிடம் துப்பாக்கி, யார் கையை வைப்பது என்று முன்பே முடிவாக வேண்டும். கட்டிப்புரளும் இடத்தில் துப்பாக்கி வெளியே இருக்கக்கூடாது. ஓடுபவனைச் சுடுவதைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஒன்று: தூக்கோ ஆயுளோ தண்டனையாக உள்ள குற்றம் சுமத்தப்படாத ஒருவரின் உயிரைப் போக்கக் கைது அதிகாரம் உரிமை தராது என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 43(4) தெளிவாகச் சொல்கிறது. தற்காப்பு வேறு, அது எல்லோருக்கும் உள்ள உரிமை.

வெளி மாவட்டம், வெளி மாநிலம் என்றால் உள்ளூர் நிலையத்துக்குத் தெரிவித்து, அவர்கள் ஆள் ஒருவரோடு போங்கள். மஃப்டியில் (சீருடை இல்லாமல்) இரவில் கிராமத்துக்குள் நுழைவது மிக மோசமான யோசனை. நம் ஊரில் “திருடன்” என்று ஒரு குரல் எழுந்தால் பத்து நிமிடத்தில் ஐம்பது பேர் கம்போடு வந்துவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. குழுவில் ஒருவராவது சீருடையில் இருக்க வேண்டும்.

பிடித்ததும் முதலில் கைகளைக் கட்டுப்படுத்துங்கள், பிறகு சோதனை. கைவிலங்கு எல்லோருக்கும் போட முடியாது. தொடர் குற்றவாளி, காவலிலிருந்து தப்பியவர், கொலை, ஆயுதம், போதைப்பொருள் போன்ற வழக்குகளில் அதே சட்டத்தின் பிரிவு 43(3) அனுமதிக்கிறது. போட்டால் ஏன் என்று கேஸ் டைரியில் (விசாரணை நாட்குறிப்பு) எழுதுங்கள். சோதனையை ஆளின் பின்னாலிருந்து செய்யுங்கள், இன்னொருவர் பக்கவாட்டில் நின்று கைகளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கைலி மடிப்பு, இடுப்பு, சட்டையின் முதுகுப்புறம், கழுத்துக்குக் கீழே தொங்கும் கத்தி, செருப்பு, வாய்க்குள் பிளேடு. ஒரு கத்தி கிடைத்தவுடன் சோதனையை நிறுத்திவிடுகிறார்கள். அதன் பிறகு தேடாமல் விட்ட இடத்தில்தான் இரண்டாவது கத்தி இருக்கும். பெண்களைப் பெண் போலீஸ்தான் சோதிக்க வேண்டும். சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் பெண்களைக் கைது செய்வதற்கு மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி இருக்க வேண்டும், அதுவும் விதிவிலக்கான சூழலில்தான்.

கைது மெமோ, காரணத்தைச் சொல்வது, உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட். இவை உங்களைக் காக்கும் காகிதங்கள். செயின் பறிப்புக்கு மூன்று ஆண்டு வரைதான் தண்டனை, எனவே ஏன் கைது அவசியம் என்று அதே சட்டத்தின் பிரிவு 35இன்படி எழுத வேண்டும். காரணம் எழுதாமல் வெறும் டிக் போட்ட படிவத்தை, ரிமாண்டுக்கு (நீதிமன்றக் காவல்) போகும்போது இப்போது திருப்பி அனுப்புகிறார்கள்.

ரெக்கவரிக்கு, அதாவது திருட்டுப் பொருளை மீட்க, பிடிபட்டவனை அழைத்துப் போகும்போது இரட்டிப்புக் கவனம் வேண்டும். வாக்குமூலத்தில் பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய பகுதி மட்டும்தான் கோர்ட்டில் நிற்கும் என்பதால் ஆற்றங்கரை, கருவேலங்காடு என்று கூட்டிப்போவோம். “அந்த மதகுக்குக் கீழே புதைத்தேன்” என்பான். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் ஷட்டர் அருகே சுழல் இருக்கும். ஓடித் தப்பிக்கக் குதித்தவனும் அவன் பின்னால் குதித்த போலீஸ்காரரும் சேர்ந்து போகிற இடம் அது. கரையின் சரிவில் அவனை இறக்காதீர்கள். அவன் கை காட்டட்டும், தோண்டுவதை வேறு ஆள் செய்யட்டும். கயிறும் ஒரு லாரி டியூபும் வண்டியில் இருக்கட்டும். பகலில் போங்கள், சாட்சிகளோடும் கேமராவோடும் போங்கள். காவலில் இருக்கிறவன் உடம்பில் ஒரு கீறல் விழுந்தாலும் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. அவன் உயிர் போனால் நீதித்துறை விசாரணை வரும், அது நியாயமும்கூட. அடித்து வாங்கிய தகவல் கோர்ட்டில் நிற்காது, அடித்தவன் வேலையும் நிற்காது.

வாகன சோதனையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வளைவு முடிந்த உடனே தடுப்பு வைக்காதீர்கள். நேரான, வெளிச்சம் உள்ள இடத்தில் இரண்டு தடுப்புகளை மாற்றி மாற்றி வையுங்கள், வண்டி தானாக வேகம் குறையும். நடுரோட்டில் கையை விரித்து நிற்காதீர்கள், மணல் டிப்பர் ஓட்டுகிறவன் நிறுத்த மாட்டான். நிற்காமல் போகும் பைக்கை லத்தியால் அடிப்பதோ எட்டி உதைப்பதோ ஒருபோதும் கூடாது. 2018 மார்ச்சில் துவாக்குடி அருகே ஹெல்மெட் போடாததற்காக விரட்டி உதைக்கப்பட்ட பைக்கில் இருந்த பெண் இறந்தார். நம்பரை எழுதுங்கள், மைக்கில் சொல்லுங்கள், அடுத்த பாயின்ட்டில் பிடிப்பார்கள்.

மைக்கில் பேசும்போது முதல் வார்த்தை நீங்கள் இருக்கும் இடமாக இருக்கட்டும். என்ன நடக்கிறது என்பது பிறகு. பேச்சு பாதியில் அறுந்தாலும் ஆள் வந்து சேர இடம் தெரிந்திருக்க வேண்டும். ஆற்றங்கரைச் சாலையில் தெருப்பெயர் கிடையாது. மின்கம்ப எண், மதகின் பெயர், மைல்கல், கடைசியாகத் தாண்டிய ஊர், இவற்றைச் சொல்லிப் பழகுங்கள். போன் லொகேஷனை இன்னொருவருக்கு எப்போதும் பகிர்ந்து வையுங்கள்.

கத்தியைவிடச் சாலையை அதிகம் மதிக்கச் சொல்வேன். குறுவை, சம்பா அறுவடை சமயத்தில் ரோட்டில் நெல் காயப்போட்டு ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள், இரவில் பைக் வழுக்கும். பின்விளக்கு இல்லாத வைக்கோல் டிராக்டர், தடுப்புச் சுவர் இல்லாத கரைச் சாலை, இரண்டு ராத்திரி தூங்காத டிரைவர். ரெய்டு முடிந்து திரும்பும் வழியில் வண்டி ஓட்டுகிறவரை மாற்றுங்கள். ஹெல்மெட் உங்களுக்கும்தான். வயலில் இறங்கும்போது முழங்கால் உயர கம்பூட்ஸ் போடுங்கள், மழைக்காலத்தில் கண்ணாடி விரியன் வரப்பில்தான் கிடக்கும். கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம், காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

வெட்டுப்பட்டால் சுத்தமான துண்டை மடித்துக் காயத்தின் மேல் முழு பலத்தோடு அழுத்துங்கள், எட்டிப்பார்க்கக் கையை எடுக்காதீர்கள். கை காலில் ரத்தம் பீறிட்டு அழுத்தியும் நிற்கவில்லை என்றால் காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். குத்திய கத்தி உடம்பில் நின்றால் பிடுங்கக்கூடாது.

வண்டியில் எப்போதும் ஒரு பை இருக்கட்டும். காகித உறைகள், நூல், அரக்கு, தீப்பெட்டி, கையுறை, அளவு நாடா, சாக்பீஸ், பிரிக்காத பென் டிரைவ் நான்கு, வெள்ளைத் தாள், கார்பன், ஸ்டாம்ப் பேட், இரண்டு டார்ச், மாற்று பேட்டரி, பவர் பேங்க், பட்டைத் துணி, இரண்டு பருத்தித் துண்டு, குடிதண்ணீர், ஒரு பாக்கெட் பிஸ்கட். பிஸ்கட் பிடிபட்டவனுக்கும் சேர்த்துத்தான். ராத்திரி முழுக்கப் பசியோடு இருந்தவன் ரிமாண்டுக்கு முன் மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில் மயங்கி விழுந்தால், அதுவரை நீங்கள் செய்த அத்தனை வேலையையும் விட்டுவிட்டு அதற்குத்தான் பதில் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.